பன்னிரண்டு வருடச் சண்டை

மே மாதக் கடைசி வாரம் வந்தால் கிள்ளானிலிருந்து அத்தான் போன் செய்வார். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான். எடுத்ததும் கேட்பது இதுதான்: "தம்பி, 2002-ல யாரு ஜெயிச்சது?"

நான் "பால் டிரேசி" என்பேன். அவர் "கேஸ்ட்ரோனேவிஸ்" என்பார். கொஞ்ச நேரம் மாறி மாறிச் சத்தம் போட்டுவிட்டு, பிறகு அக்காவிடம் போனைக் கொடுப்பார்.

இந்த வருடமும் அப்படித்தான். ஆனால், பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மகன் இந்தத் தடவை காதைத் தீட்டிக்கொண்டான். "என்னப்பா இது, வருஷா வருஷம் ஒரே சண்டை?" என்றான். அவன் ஃபார்முலா ஒன் பார்த்து வளர்ந்தவன். அதற்கு வெளியேயும் ஒரு கார் உலகம் இருந்தது, அது இரண்டாக உடைந்தது, பன்னிரண்டு வருடம் கழித்து ஒட்டப்பட்டது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. அவனிடம் சொன்னதையே இந்த வாரம் உங்களிடமும் சொல்கிறேன். கார் பந்தயம் பிடிக்காது என்பவர்கள் தயவுசெய்து பக்கத்தைப் புரட்ட வேண்டாம். ஒரே வீட்டுக்காரர்கள் எப்படிப் பிரிந்தார்கள், பிரிந்து என்ன சம்பாதித்தார்கள் என்பதுதான் கதை.

அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் என்று ஓர் ஊர். அங்கே 1909-ல் திறந்த ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. ஒரு சுற்று இரண்டரை மைல், நான்கு வளைவு. 1911-லிருந்து அங்கே நடப்பதுதான் இண்டி 500. முப்பத்து மூன்று கார், இருநூறு சுற்று, ஐந்நூறு மைல், அதாவது ஏறக்குறைய எண்ணூறு கிலோமீட்டர். சக்கரம் நான்கும் வெளியே தெரியும் ஒற்றை இருக்கை கார்கள். ஜெயித்தவருக்குக் குடிக்கப் பால் கொடுப்பார்கள். பந்தயம் அங்கே பகலில் தொடங்கும்போது நமக்கு நள்ளிரவு. தூக்கம் கெட்டு மறுநாள் வேலையில் முதலாளியிடம் திட்டு வாங்கிய அனுபவம் எனக்கு நிறைய உண்டு.

அந்தத் தடத்தின் சொந்தக்காரர்கள் ஒரு குடும்பம். டோனி ஹல்மேன் என்பவர் 1945-ல் வாங்கினார். பந்தயத்துக்கு விதி வகுத்து நடத்தியது யூசாக் என்ற அமைப்பு. காரை வாங்கி, என்ஜினுக்குச் செலவழித்து, ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுக்கும் அணி முதலாளிகளுக்கு அதில் பெரிய குரல் கிடையாது. 'பணம் எங்களுடையது, முடிவு மட்டும் அவர்களுடையதா?' என்று அவர்களுக்குப் பொருமல். ரோஜர் பென்ஸ்கி, பாட் பேட்ரிக் போன்ற முதலாளிகள் 1978-ல் தனியாகப் பிரிந்து கார்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மறு வருடமே அவர்களில் சில அணிகளை இண்டி 500-க்கு வரக்கூடாது என்று யூசாக் தடுத்தது. அவர்கள் நீதிமன்றம் போய் உத்தரவு வாங்கி ஓட்டினார்கள். ஆக, முதல் விரிசல் நம்முடைய கதைக்கும் பழையது.

ஆனாலும் கார்ட் வளர்ந்தது. நீள்வட்டத் தடம், ஊர்த் தெருவை அடைத்துப் போட்ட தடம், மேடுபள்ளமும் வளைவுமான தடம் என்று எல்லா வகையிலும் ஓட வேண்டும். அதில் சாம்பியன் ஆகிறவர் எதையும் ஓட்டத் தெரிந்தவராக இருப்பார். 1992-ல் ஃபார்முலா ஒன் சாம்பியனான நைஜல் மான்செல் அடுத்த வருடமே அங்கே போய் 1993-ன் சாம்பியன் ஆனார். 1995-ல் இண்டி 500-ஐயும் தொடர் பட்டத்தையும் வென்ற ஜாக் வில்நெவ், 1997-ல் ஃபார்முலா ஒன் சாம்பியன் ஆனார். இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இருந்த காலம் அது. நான் கார்ட் ரசிகன் ஆனதும் அப்போதுதான்.

அத்தான் வேறு கட்சி. அவருக்குக் கிள்ளானில் ஒரு சின்ன வொர்க்ஷாப். இளைஞனாக இருந்தபோது கப்சாய் மோட்டார் பந்தயத்துக்கு என்ஜின் தயார் செய்து கொடுத்தவர். கையில் காசில்லாத கெட்டிக்காரப் பையன், அப்பா காசில் வந்த சுமாரான பையனிடம் தோற்பதைப் பார்த்துப் பார்த்து அவர் மனம் வெந்திருந்தது. "காசு ஓட்டுது தம்பி, ஆள் ஓட்டல" என்பது அவருடைய வழக்கமான பேச்சு.

அதற்கு அவர் காட்டும் உதாரணம் 1994. அந்த வருடம் இண்டி 500 விதியில் ஒரு சலுகை இருந்தது. பழைய பாணி, புஷ்ராட் வைத்த என்ஜினுக்குக் கூடுதல் கொள்ளளவும் கூடுதல் டர்போ அழுத்தமும் அனுமதி. சாதாரண காரின் என்ஜினை வைத்து ஓட்டுகிற சிறிய அணிகளுக்காக வந்த சலுகை. ரோஜர் பென்ஸ்கி என்ன செய்தார் தெரியுமா? அந்த ஒரு பந்தயத்துக்காகவே இல்மோர் நிறுவனத்திடம் சொல்லி, மெர்சிடிஸ் பெயரில் ரகசியமாகப் புது என்ஜின் செய்துகொண்டு வந்தார். மற்றவர்கள் கிட்டவே நெருங்க முடியவில்லை. ஆல் அன்சர் ஜூனியர் ஜெயித்தார். நான் அதைப் பெரிய மூளை என்று கொண்டாடினேன். அத்தான், "ஏழைக்குப் போட்ட பந்தியில பணக்காரன் உக்காந்து சாப்பிட்ட கதை" என்றார்.

அடுத்த வருடம் அந்தச் சலுகையைச் சுருக்கிவிட்டார்கள். அதே பென்ஸ்கியின் இரண்டு கார்களும் இண்டி 500-க்குத் தகுதி பெறவே இல்லை. அன்று அத்தான் எங்கள் வீட்டுக்கு ரொட்டி சானாய் வாங்கி வந்து பரிமாறினார்.

இந்த நேரத்தில் தடத்தின் பொறுப்பு ஹல்மேனின் பேரன் டோனி ஜார்ஜ் கைக்கு வந்திருந்தது. அவருடைய குறை இப்படி: செலவு எல்லை மீறிப் போகிறது. நீள்வட்டத் தடங்கள் குறைகின்றன. உள்ளூர் மண் தடங்களில் ஓட்டிப் பழகும் அமெரிக்கப் பையன்களுக்கு இடமில்லை, வெளிநாட்டுக்காரர்கள்தான் இருக்கையைப் பிடிக்கிறார்கள். அப்படி இடம் கிடைக்காத பையன்கள் நாஸ்கார் பக்கம் போகிறார்கள். 1994 ஆகஸ்டில் அவரே தன் தடத்தை முதன்முதலாக நாஸ்காருக்குத் திறந்துவிட்டார். அந்தப் பந்தயத்தை ஜெயித்தவர் ஜெஃப் கார்டன், இண்டியானாவில் ஓட்டி வளர்ந்த இளைஞர். இவருக்கு இண்டி காரில் இடம் கிடைத்திருக்க வேண்டும் என்று அங்கே பலரும் பேசினார்கள்.

அதே வருடம் ஜார்ஜ், ஐ.ஆர்.எல். என்ற புதுத் தொடரை அறிவித்தார். 1996 ஜனவரியில் முதல் பந்தயம். அதில் அவர் போட்ட ஒரு விதிதான் வீட்டை இரண்டாக்கியது. இண்டி 500-ல் உள்ள முப்பத்து மூன்று இடத்தில் இருபத்தைந்து, ஐ.ஆர்.எல். புள்ளிப் பட்டியலில் முன்னால் இருப்பவர்களுக்கு ஒதுக்கீடு. கார்ட் அணிகள் எத்தனை வேகமாக ஓட்டினாலும் மீதி எட்டு இடத்துக்குத்தான் அடித்துக்கொள்ள வேண்டும்.

கார்ட் கோபித்துக்கொண்டது. 1996 மே 26, இண்டி 500 நடக்கும் அதே நாளில், மிச்சிகனில் யூ.எஸ். 500 என்று போட்டிப் பந்தயம் வைத்தது. இண்டியில் ஓடிய முப்பத்து மூன்று பேரில் பதினேழு பேர் அங்கே புதுமுகம். "பழக்கமில்லாத பசங்க, பாருங்க அத்தான், ஆளுக்காள் இடிச்சுக்கப் போறாங்க" என்று நான் எகத்தாளம் பேசினேன்.

நடந்தது என்ன? மிச்சிகனில் பச்சைக் கொடி விழும் முன்பே, முன் வரிசையில் இருந்த பெரிய ஓட்டுநர்கள் ஒருவரோடு ஒருவர் உரசி, பின்னால் வந்த கார்களும் அதில் மாட்டி, தடம் முழுக்கச் சிதறல். எந்தத் தடுமாற்றம் புதுமுகங்களிடம் வரும் என்று கார்ட் தரப்பு சொல்லிக்கொண்டிருந்ததோ, அது கார்ட் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. ஜிம்மி வாஸர் மாற்றுக் காரில் ஏறி வந்து ஜெயித்தார்.

இண்டியிலோ, முதலிடத்துக்குத் தகுதி பெற்றிருந்த ஸ்காட் பிரேட்டன் ஒன்பது நாள் முன்பு பயிற்சியில் விபத்துக்குள்ளாகி இறந்துபோயிருந்தார். அந்தத் துக்கத்தோடு நடந்த பந்தயத்தை, மார்ச் மாத விபத்தில் முதுகெலும்பு முறிந்து இன்னும் முழுதாகக் குணமாகாத பட்டி லாஸியர் ஜெயித்தார். காரிலிருந்து அவரைக் கைத்தாங்கலாக இறக்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட ஒரு வெற்றியையும் என்னால் அன்று மனம் திறந்து பாராட்ட முடியவில்லை. 'அது எங்க பந்தயம் இல்லை' என்ற ஒரே காரணம்தான். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த சில வருடங்கள் எங்கள் வீட்டில் இதே வேலை. நான் ஐ.ஆர்.எல். பந்தயத்தில் காலியாக இருக்கும் இருக்கைகளைப் பார்த்துச் சிரிப்பேன். அத்தான் கார்ட் அணிகளின் செலவைப் பார்த்துச் சிரிப்பார். 2000-ல் கார்ட்டின் கனாஸி அணி இண்டிக்குத் திரும்பிப் போனது. கொலம்பியாவின் ஹுவான் பாப்லோ மொண்டோயா இருநூறு சுற்றில் நூற்று அறுபத்தேழு சுற்று முன்னால் இருந்து ஜெயித்தார். தெருவெல்லாம் கேட்கிற மாதிரிக் கத்தினேன். 2001-ல் டெக்சஸ் நீள்வட்டத்தில் கார்ட் கார்கள் போன வேகத்தில் ஓட்டுநர்களுக்குத் தலை சுற்றல் வந்து, பந்தயத்தையே ரத்து செய்தார்கள். அன்று அத்தானின் முறை. "காருக்குச் செலவு பண்ணத் தெரிஞ்சவங்களுக்கு ஆளைக் காப்பாத்தத் தெரியலையே" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒன்றை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. அவர் தரப்பில் காலியான இருக்கைக்காரர்கள் என் தரப்புக்கு வரவில்லை. என் தரப்பில் வெறுத்துப் போனவர்கள் அவர் தரப்புக்குப் போகவில்லை. இரண்டு பேரையும் விட்டு நாஸ்கார் பார்க்கப் போனார்கள். ஐ.ஆர்.எல். தயாரித்த உள்ளூர் நட்சத்திரம் டோனி ஸ்டூவர்ட், இண்டியானாவிலேயே பிறந்தவர். எந்தப் பையன்களுக்காக அந்தத் தொடரைத் தொடங்கினார்களோ, அதற்கு அவரே அத்தாட்சி. அங்கே சாம்பியன் ஆனார். 1999-ல் அவரும் நாஸ்காருக்குப் போய்விட்டார்.

இனி 2002. அதற்குள் ரோஜர் பென்ஸ்கி, கார்ட்டைத் தொடங்கியவர்களில் ஒருவர், அணியோடு ஐ.ஆர்.எல். பக்கம் போய்விட்டார். அவருடைய ஓட்டுநர் ஹீலியோ கேஸ்ட்ரோனேவிஸ். கார்ட் தரப்பிலிருந்து வந்து ஓட்டியவர் கனடாவின் பால் டிரேசி. 199-வது சுற்று. கேஸ்ட்ரோனேவிஸ் காரில் எரிபொருள் கடைசிச் சொட்டு. டிரேசி மூன்றாம் வளைவில் அவரைத் தாண்டுகிறார். அதே நேரத்தில் பின்னால் இரண்டு கார்கள் மோதி, மஞ்சள் விளக்கு எரிகிறது. விளக்கு எரிந்துவிட்டால் தாண்டுவது செல்லாது. விளக்கு முதலா, தாண்டியது முதலா?

ஐ.ஆர்.எல். அதிகாரிகள் கேஸ்ட்ரோனேவிஸுக்குக் கொடுத்தார்கள். டிரேசியின் அணி மேல்முறையீடு செய்தது. ஜூலை 3-ம் தேதி டோனி ஜார்ஜ் அதைத் தள்ளுபடி செய்தார். தடமும் அவருடையது, தொடரும் அவருடையது, தீர்ப்பும் அவருடையது என்று எங்கள் கட்சி கொதித்தது. அத்தான் வீட்டு விருந்தில் இதைப் பற்றிப் பேச்சு வளர்ந்து, நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன். அக்கா வாசல் வரை வந்து கூப்பிட்டும் திரும்பவில்லை. பல மாதம் அவர் வீட்டுப் படி ஏறவில்லை. நாங்கள் யாருக்காக அடித்துக்கொண்டோமோ, அந்த இருவரும் முந்தின வருடம் ஒரே தொடரில் ஒன்றாக ஓட்டியவர்கள் என்பது கோபத்தில் எனக்கு நினைவுக்கே வரவில்லை.

அதற்குப் பிறகு என் கட்சி வேகமாகச் சரிந்தது. 2003-ல் கனாஸி, ஆண்ட்ரெட்டி போன்ற அணிகளும் ஹோண்டாவும் டொயோட்டாவும் ஐ.ஆர்.எல். பக்கம் போயின. அதே வருடம் நம் மலேசிய ஓட்டுநர் அலெக்ஸ் யூங், மினார்டி அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டிய பின், டேல் கோய்ன் அணிக்காகக் கார்ட்டில் சில பந்தயங்கள் ஓட்டினார். நம்மவர் ஒருவர் அங்கே போனதில் எனக்குப் பெருமைதான். ஆனால், பந்தயத்தில் யார் யாரோடு மோதுகிறார் என்று பார்த்தால், பழைய பெயர்களில் பாதியைக் காணோம். வருடக் கடைசியில் கார்ட் திவால். மூன்று அணி முதலாளிகள் அதை வாங்கி சேம்ப் கார் என்ற பெயரில் நடத்தினார்கள். பிரான்சின் செபாஸ்டியன் போர்டே 2004-லிருந்து 2007 வரை தொடர்ந்து நான்கு முறை சாம்பியன். திறமைசாலிதான். ஆனால், அவரை அளந்து பார்க்க எதிரே போதுமான ஆள் இல்லை.

இதைவிட விசித்திரம் ஒன்று. நீள்வட்டத் தடத்துக்காகவும் அமெரிக்க ஓட்டுநருக்காகவும் பிறந்த ஐ.ஆர்.எல்., 2005-லிருந்து தெருத் தடங்களிலும் ஓட ஆரம்பித்தது. 2003 முதல் மூன்று வருட சாம்பியன்கள் ஒரு நியூசிலாந்துக்காரர், ஒரு பிரேசில்காரர், ஓர் ஆங்கிலேயர். எல்லா வகைத் தடத்திலும் ஓடுவதுதான் எங்கள் பெருமை என்ற கார்ட்டின் வாரிசுக்கோ, 2007-ல் ஒரு நீள்வட்டம்கூட மிச்சமில்லை. எதற்காகப் பிரிந்தார்களோ அந்தக் காரணங்கள் தேய்ந்து போயிருந்தன. பிரிவு மட்டும் பத்திரமாக இருந்தது.

2008 பிப்ரவரி 22-ல் இரண்டும் இணைய ஒப்பந்தம் கையெழுத்தானது. இணைப்பு என்று பெயர். உண்மையில் ஒன்றின் பெயரும் விதியும் காரும் நின்றன, மற்றொன்று கரைந்தது. சேம்ப் கார் புதிதாகச் செய்த கார் ஒரு வருடமும் ஒரு பந்தயமும் ஓடி ஓய்வு பெற்றது. அந்த ஒரு பந்தயம் ஏப்ரல் 20-ல் லாங் பீச்சில். அதே வார இறுதியில் ஜப்பானின் மோட்டேகியில் இன்னொரு பந்தயம். தேதியை மாற்ற முடியாததால் இரண்டையும் நடத்தி, இரண்டுக்கும் புள்ளி கொடுத்தார்கள். லாங் பீச்சில் வில் பவர் ஜெயித்தார். மோட்டேகியில் டானிகா பேட்ரிக் ஜெயித்து, இண்டி கார் பந்தயம் வென்ற முதல் பெண் ஆனார். இப்படி ஒரு சரித்திரம் நடந்தபோதுகூடப் பாதி ஓட்டுநர்கள் வேறு கண்டத்தில் வேறு காரில் இருந்தார்கள். டிரேசிக்கு அந்த வருடம் முழுநேர இருக்கையே கிடைக்கவில்லை.

ஆனால், அதற்கு இரண்டு வாரம் முன்பு, செயின்ட் பீட்டர்ஸ்பர்கில், சேம்ப் காரிலிருந்து வந்த நியூமன்-ஹாஸ் அணியின் கிரஹாம் ரேஹால் பத்தொன்பது வயதில் ஜெயித்திருந்தார். அன்று அத்தான்தான் முதலில் போன் செய்தார். "உங்க பையன் நல்லா ஓட்டுனான் தம்பி" என்றார். 'உங்க' என்று அவர் சொன்னதும் எனக்குத் தொண்டை அடைத்தது. "இப்ப நம்ம பையன் அத்தான்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சேர்ந்தது சரிதான். ஆனா சேர்ந்தது யாரு? மிஞ்சினவங்கதானே" என்றார்.

அவர் சொன்னது சரி. அணிகள் சேர்ந்தன, புள்ளிப் பட்டியல் சேர்ந்தது. நடுவில் எழுந்து போன ரசிகன் சேர்ந்தானா? பன்னிரண்டு வருடத்தில் ஒரு தலைமுறை வேறு விளையாட்டைப் பழகிவிட்டது. என் மகனுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாமல் போனதற்கும் அதுவே காரணமோ என்னவோ.

ரோஜர் பென்ஸ்கியின் கதையையும் சொல்லி முடிக்கிறேன். 1978-ல் அந்த நிர்வாகத்தை எதிர்த்துத் தனிச் சங்கம் தொடங்கியவர், 2020 தொடக்கத்தில் அந்தத் தடத்துக்கும் தொடருக்கும் சேர்த்தே முதலாளி ஆனார். யார் யாரை ஜெயித்தார்கள் என்று இனி எந்தக் கணக்கில் எழுதுவது?

கேஸ்ட்ரோனேவிஸ் 2021-ல், நாற்பத்தாறு வயதில், நான்காவது முறையாக இண்டி 500-ஐ வென்றார். அந்தச் சாதனையை எட்டியவர்கள் அவரோடு சேர்த்து நான்கே பேர். அந்த நான்கில் ஒன்று 2002. அதனால்தான் அத்தான் இன்னும் விடாமல் கேட்கிறார்.

எல்லாம் கேட்டுவிட்டு என் மகன் ஒன்று சொன்னான். "நீங்க ரெண்டு பேரும் இத்தனை வருஷமா பேசுறது அந்த ஒரு பந்தயத்தப் பத்தி மட்டும்தான்பா. அதுல மட்டும்தானே ரெண்டு பக்கத்து ஆளும் கடைசிச் சுத்து வரைக்கும் ஒண்ணா ஓடியிருக்காங்க."

இருபது வருடத்துக்கு மேல் சண்டை போட்ட எங்கள் இருவருக்கும் தோன்றாதது அது. யோசித்துப் பார்த்தால், தனித்தனியாக ஓடிய நூற்றுக்கணக்கான பந்தயங்களில் யார் ஜெயித்தார் என்று எனக்கும் அத்தானுக்கும் பாதிகூட நினைவில்லை.

உடனே அத்தானைத் திரும்ப அழைத்தேன். இந்த ஞாயிறு இரவு அக்காவோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள், ஒன்றாகப் பார்ப்போம், சாப்பாட்டில் யாரும் பாதியில் எழுந்து போக மாட்டார்கள் என்றேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

2002-ல் ஜெயித்தது டிரேசிதான். அதில் மாற்றமில்லை.